மணி அடித்தால் திரும்பும் நாற்காலி

என் சக்கர நாற்காலியை வேறு யாரோ ஓட்டுகிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு வந்தது, தம்பி மகள் மிதுனாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய ஆவணி மாதத்தில். சந்தேகப்படுவது எனக்குப் புதிதில்லை. தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எந்தக் காகிதத்தையும் நம்பாதே என்பதற்காகவே அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. நம்பாமல் இருந்ததற்காக இப்போது பென்ஷன் கொடுக்கிறது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று என் தம்பி நயினார் கேலி செய்வான். செய்யட்டும். மஞ்சளாகவே இருந்ததை மஞ்சள் என்று நான் எழுதிய கோப்புகளும் உண்டு.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலில் இருந்தேன். வாசல் மணி அடித்தது. எங்கள் வீட்டு ஆட்கள் மணி அடிக்க மாட்டார்கள். கதவில் விரலை வைத்துத் திறந்துகொண்டு வருவார்கள். மணி அடித்தால் வெளியாள் என்று அர்த்தம். வந்தவர் கல்யாணத் தரகர். அவரிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று முந்தின நாளே மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். முதல் கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் நாற்காலி அரைவட்டம் அடித்தது. சாப்பாட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு, சத்தமே இல்லாமல், என்னைப் பின்னறைக்குள் கொண்டுபோய் ஜன்னலைப் பார்க்க நிறுத்தியது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவர். அதைப் பார்த்துக்கொண்டு தரகர் போகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

நாற்காலியை ஓட்டுகிற குச்சியை நான் தள்ளவில்லை. அது நிச்சயம்.

அடுத்த வாரம் முதலாவது வரன்காரர்கள் வந்தார்கள். மிதுனா குளித்துவிட்டு ஈரத்தலையோடு என்னிடம் வந்து, "அத்தை, நீங்க கட்டாயம் ஹால்ல இருக்கணும். வந்தவங்க சிரிச்சுப் பேசினா அம்மா அப்பால்லாம் ஏமாந்துருவாங்க. நீங்க பார்த்துச் சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டுச்சேலை கட்டிவிடச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். மணி அடித்தது. மறுபடியும் அதே அரைவட்டம், அதே சுவர். பட்டுச்சேலையோடு காம்பவுண்டுச் சுவரைப் பெண் பார்த்தவள் பாளையங்கோட்டையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்று எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

இந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குத் தசைநோய். கால் எப்போதோ போய்விட்டது. வலது கையில் நடுக்கம். பழைய மாதிரி மின்நாற்காலிகளில் இந்தக் கையை வைத்தால் போதை ஏறியவன் ஆட்டோ ஓட்டின கதைதான். இப்போது வருகிறவை கற்றுக்கொள்கிற நாற்காலிகள். எது நடுக்கம், எது உத்தேசம் என்று நம் கையைப் படித்துப் படித்துப் பழகிக்கொள்ளும். பழகிவிட்டால் முழுசாகத் தள்ளக்கூட வேண்டாம். கை நினைத்தாலே போதும், போய்விடும். சமையலறை வாசற்படியில் தயங்காமல் ஏறும். காப்பி டம்ளர் கையில் இருந்தால் மெதுவாகப் போகும். ஆறு வருஷமாக நான் அதன்மேல் ஒரு குறையும் எழுதியதில்லை.

ஆனால் அதற்கு இன்னொரு வழியும் உண்டு. ஓட்டுகிறவருக்கு மயக்கம் கியக்கம் வந்தால் வீட்டில் ஒருவர் போனிலிருந்தே நாற்காலியை நகர்த்தலாம். எங்கள் வீட்டில் அந்தப் போன் யாரிடம் இருக்கிறது? நயினாரின் பெண்டாட்டி ரோகிணியிடம்.

நாற்காலியின் பராமரிப்பு முழுக்க ரோகிணி கையில்தான். சாயங்காலம் விளக்கேற்றியதும் சார்ஜரைச் செருகுவாள். பாட்டரியை ஒரு நாளும் காயவிட்டதில்லை. டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் காற்றடிப்பாள். முன்னாலிருக்கும் சின்னச் சக்கரங்களில் தலைமுடியும் சேலை நூலும் சுற்றிக்கொள்ளும், அதை ஊக்கால் நோண்டி எடுப்பாள். குச்சியின் அடியிலிருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, உலர்ந்த துணியால் துடைப்பாள். வெள்ளிக்கிழமை என்றால் நெற்றிக்கு வைப்பதுபோல நாற்காலிக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. ஆயுத பூஜைக்கு மாலையே போடுவாள். இத்தனை வருஷமாக இதையெல்லாம் பார்த்து, தங்கமான பிள்ளை என்று நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அதே காட்சி வேறு மாதிரி தெரிந்தது. ஒரு ரப்பர் உறையைத் துடைக்க அவ்வளவு நேரம் எதற்கு? குனிந்து என்ன முணுமுணுக்கிறாள்? கந்த சஷ்டி கவசமா, இல்லை நாற்காலிக்கு உத்தரவா?

காரணம் இல்லாமல் சந்தேகப்படுகிறவள் இல்லை நான். காரணம் என் மடியிலேயே உட்கார்ந்திருந்தது. இந்தக் காலத்தில் ஜாதகத்தோடு மரபணுச் சீட்டும் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். மிதுனாவின் சீட்டு சுத்தம். என் வியாதி அவளுக்கு வர வழியில்லை. ஆனால் சீட்டைக் கண் நம்ப வேண்டுமே. ஹாலில் ஒருத்தி கால் சூம்பி, கை நடுங்கி உட்கார்ந்திருந்தால், வந்தவர்கள் சீட்டை மடித்து வைத்துவிட்டு அவளைத்தான் பார்ப்பார்கள். எந்தத் தாய்க்கும் அந்தப் பயம் வரும். பயம் வந்தால் போனை ஒரு தட்டுத் தட்ட எவ்வளவு நேரமாகும்?

வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லையென்பாள், அதற்குமேல் ஒன்றும் பெயராது. தணிக்கையில் முதல் பாடம் அது. அதனால் சோதனை செய்தேன். எதிர்வீட்டுக்காரி தையல் மெஷின் கேட்டு வருவதாகச் சொன்ன அன்று ரோகிணியின் போனை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். அவள் வீடெல்லாம் தேடினாள். மணி அடித்தது. நாற்காலி என்னைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனது.

அப்படியென்றால் இன்னொரு போன் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். நயினாரும் கூட்டு. என் கூடப் பிறந்தவன், என் சம்பளத்தில் படித்தவன் என்று அன்று சாப்பிடாமல் இருந்தேன். ஏன்க்கா சாப்பிடலை என்று அவன் வந்து நின்றபோது அவன் சட்டைப் பையைத்தான் பார்த்தேன்.

பிறகு பராமரிப்பை நானே ஏற்றுக்கொள்வது என்று தீர்மானித்தேன். என் வண்டி, நான் பார்த்துக்கொள்கிறேன், யாரும் தொட வேண்டாம் என்று அறிவித்தேன். ரோகிணி முகம் சுருங்கிப்போய் ஊக்கையும் துணியையும் என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். ஆசைதான் பெரிசு. நடுங்குகிற கையில் ஊக்கு சக்கரத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் குத்தியது. சந்தனக் கறை போகட்டும் என்று ஈரத்துணியைப் பிழியாமல் போட்டுத் துடைத்ததில் குச்சியடியில் தண்ணீர் இறங்கியது. சார்ஜர் சரியாகச் செருகவில்லை போலிருக்கிறது; மறுநாள் மத்தியானம் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் வண்டி படுத்துவிட்டது. நடுவழியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரோகிணி ஒரு வார்த்தை சொல்லாமல் விசையைத் தளர்த்தி, கையால் தள்ளிக்கொண்டுபோய் அறையில் விட்டாள். சொல்லாமல் இருந்ததுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் சர்வீஸுக்குச் சொல்லி அனுப்பினேன். ஜெபக்கனி வந்தாள். வழக்கமாக எங்கள் வீட்டு நாற்காலியைப் பார்க்கிற மெக்கானிக் அவள்தான். முப்பது வயசிருக்கும், சத்தமான குரல், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. கழற்றிப் பார்த்துவிட்டு, இப்படித் தண்ணி ஊத்துவீங்களா, இது என்ன எருமை மாடா என்று என்னைத் திட்டினாள். உலர்த்தி, துடைத்து, மூட்டுகளை இறுக்கினாள். ரோகிணி காய்கறி வாங்கப் போயிருந்தாள். நல்ல சமயம் என்று கதவைச் சாத்தச் சொல்லி விஷயத்தை எடுத்தேன்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து ஒரு சின்னத் துண்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"போன்ல இருந்து பேசுறது இது வழியாத்தான்க்கா. இப்போ எந்தப் போனும் இதைத் தொட முடியாது. சரியா? நீங்க கட்டில்ல இருங்க. நான் உக்காருதேன்."

என்னைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு அவளே நாற்காலியில் ஏறி ஹாலுக்குப் போனாள். குச்சிமேல் வலது கையைச் சும்மா வைத்துக்கொண்டாள். மிதுனாவை வெளியே போய் மணி அடிக்கச் சொன்னாள். திறந்திருந்த கதவு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. நாற்காலி திரும்பியது. மேசையைச் சுற்றி, தலையைக் குனிந்துகொண்டு ஓடுகிற பிள்ளைபோல விறுவிறுவென்று வந்து, ஜெபக்கனியை என் ஜன்னல் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. என்னை அது கொண்டுபோவதை வெளியே இருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். பார்க்க நன்றாக இல்லை.

"என்னையே ஒளிச்சு வச்சிருச்சே" என்று ஜெபக்கனி சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்போ யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன். "ரோகிணிதானே? துடைக்கும்போது?"

"துடைச்சா படிக்காதுக்கா. போன்ல நகத்தினாலும் படிக்காது. ஆளு உக்காந்து, கையைக் குச்சியில வச்சாத்தான் படிக்கும். இதுல ஆறு வருசமா உக்காந்தது யாரு?"

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஹாலில் இருக்கத்தானே நான் ஆசைப்படுகிறேன், பட்டுச்சேலை கட்டிக்கொண்டல்லவா காத்திருந்தேன் என்று வாதாடினேன். ஜெபக்கனி பொறுமையாகச் சொன்னாள். ஆசை அதற்குத் தெரியாதாம். காரணமும் தெரியாதாம். ஆள் வந்தால் கை கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும், இழுத்தது நமக்கே தெரியாது. முதலில் கை இழுத்து நாற்காலி போனது. பல தடவை ஆனபிறகு, கை எதற்கு வீணாகக் கஷ்டப்பட வேண்டும் என்று மணிச் சத்தத்துக்கே போகப் பழகிவிட்டது. "உங்களுக்கு நல்லது செய்யுறதாத்தான்க்கா அது நெனச்சுக்கிட்டிருக்கு" என்றாள்.

அவள் போனபிறகு நெடுநேரம் யோசித்தேன். ஆறு வருஷமாக ஆள் வந்தபோதெல்லாம் உள்ளே போனதை நானாகப் போனதாகவே நினைத்திருக்கிறேன்; ஹாலில் இருக்க ஆசை வந்தபிறகுதான் அது கண்ணில் பட்டது. என்னை உள்ளே போகச் சொன்னவர்கள் உண்டு, ஆனால் இந்த வீட்டில் இல்லை. என் தங்கையைப் பெண் பார்க்க வந்தபோது அம்மா என் கன்னத்தைத் தடவி, செத்த நேரம் உள்ளே இரு கண்ணு என்றாள். அப்போது நான் ஊன்றுகோலில் நடந்துகொண்டிருந்தேன். அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

மறுநாள் ஜெபக்கனியை மறுபடி வரச்சொல்லி, நாற்காலி படித்ததையெல்லாம் அழித்துவிடு என்றேன். அவள் தயங்கினாள். நடுக்கத்தையும் சேர்த்து மறந்துவிடும், பிறந்த குழந்தை மாதிரி ஆகிவிடும், வீட்டுச் சுவரெல்லாம் பெயர்ந்துவிடும் என்றாள். பெயரட்டும் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையநல்லூர்க்காரர்கள் வருகிறார்கள். மிதுனாவுக்கே பிடித்திருக்கிற பையன். அந்த ஹாலில் நான் இருந்தாக வேண்டும். இந்த வீட்டில் நானும் ஒரு ஆளா, இல்லை ஆள் வரும்போது எடுத்து ஒளித்துவைக்கிற சாமானா என்று எனக்கே தெரிந்தாக வேண்டும்.

அந்த வாரம் வீடு படாத பாடு பட்டது. டிவி ஸ்டாண்டின் கால் உடைந்தது. நயினாரின் சுண்டுவிரல் நசுங்கியது. ரோகிணி கோலம் போட வைத்திருந்த மாவுக் கிண்ணத்தின்மேல் ஏறி ஹாலெல்லாம் சக்கரக் கோலம் போட்டேன். என் ஒவ்வொரு நடுக்கத்தையும் நாற்காலி உத்தரவு என்று எடுத்துக்கொண்டது. புதன்கிழமை ரோகிணியின் கணுக்காலில் மோதியபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியை இந்த வாரம் பாத்துக் கெடுத்து வச்சிருக்கிய. எம் புள்ளைக்கு நல்லது நடக்கக்கூடாதுன்னா நேராச் சொல்லிருங்க மதினி. எங்கூரு ஆளுக வந்தாலே முதுகைக் காட்டிக்கிட்டுப் போயிருவிய. உன் நாத்தனாருக்கு நாங்கன்னா அவ்வளவு இளக்காரமான்னு எங்கம்மா சாகுறவரைக்கும் கேட்டாங்க. நான் ஒரு நாளாவது உங்ககிட்ட வந்து கேட்டேனா?"

சொல்லிவிட்டு அழுதுகொண்டே போய்விட்டாள். எனக்குத் தலையில் அடித்தது போலிருந்தது. நான் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அதே நாற்காலியை வைத்து அவள் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்கு முன்னாலிருந்தே. கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். அரிசி டிரம் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹாலில் உட்கார்ந்து காட்டுகிறேன், அதுவே பதில் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹாலில் சுவரோரமாக, சோபாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திக்கொண்டேன். மணி அடித்தது. நாற்காலி அசையவில்லை. அதற்கு மணியும் தெரியாது, மனுஷரும் தெரியாது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கதவு திறந்தது. பையன், அவன் அப்பா, ஒரு சித்தப்பா, கடைசியாகப் பையனின் அம்மா. எல்லோரும் உட்கார்ந்தார்கள். வெயிலைப் பற்றிப் பேச்சு வந்தது. உட்கார்ந்தபடியே வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்த பையனின் அம்மாவின் கண் என்னிடம் வந்து நின்றது. என் முழங்காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பிறகு மரியாதையாகப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

நாற்காலி திரும்பியது.

சட்டென்று ரோகிணியைப் பார்த்தேன். அவளுடைய இரண்டு கையிலும் காப்பித் தட்டு இருந்தது. நயினார் கைகட்டி நின்றிருந்தான். நாற்காலியின் தலைக்குள் ஒன்றும் கிடையாது. அழித்ததை நானே பார்த்தேன். மேசையின் முனையில் இடித்து, ஒதுங்கி, பின்னறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் குனிந்து என் வலது கையைப் பார்த்தேன். ஊக்கைப் பிடிக்க முடியாத கை, டம்ளரைப் பிடித்தால் தளும்புகிற கை, குச்சியை இடப்பக்கமாக அழுத்திப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துளி நடுக்கமில்லை.

"மதினி, எங்க போறிய?"

ரோகிணிதான் கேட்டாள். கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்பது எங்கள் வீடுகளில் இல்லாத வழக்கம். போகிற காரியம் விளங்காது என்பார்கள். நயினார் ஆபீசுக்குக் கிளம்பினால்கூட ரோகிணி வாயைத் திறக்க மாட்டாள். சகுனம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆறு வருஷமாக நான் இந்த ஹாலை விட்டுக் கிளம்பியபோதெல்லாம் அவள் கேட்காமலே இருந்ததற்கும் அதுதான் காரணமாக இருந்திருக்கும். இன்றைக்குக் கேட்டுவிட்டாள், அதுவும் பெற்ற மகளைப் பார்க்க வந்தவர்கள் முன்னால். பையனின் அம்மா முகம் சுளித்தது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"எங்கயும் போகலை" என்றேன்.

சொல்லும்போதும் கை தள்ளிக்கொண்டேதான் இருந்தது. இடது கையைக் கொண்டுவந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாகக் குச்சியிலிருந்து பிரித்தேன். லேசில் வரவில்லை. வந்ததும் நாற்காலி நின்றது. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். திரும்ப வேண்டுமென்றால் மறுபடி அந்தக் கையிடம்தான் கேட்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை.

"ரோகிணி, எனக்குத் திரும்ப முடியலை" என்றேன். இந்த வீட்டில் ஏதோ ஒன்று முடியவில்லை என்று நான் யாரிடமாவது சொன்னது அதுதான் முதல் தடவை.

தட்டு மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. அவள் வந்து என்னைத் திருப்புவாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தொடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துவந்து எனக்கு எதிரே, பின்னறை வாசலை மறித்தாற்போல் போட்டாள்.

"இங்கிட்டு வாங்கம்மா" என்று பையனின் அம்மாவைக் கூப்பிட்டாள். "இவங்க எங்க வீட்டுக்காரருக்கு அக்கா. இவங்க பேசிப் பாத்துச் சரின்னாத்தான் மிதுனா தலையாட்டுவா."

சோபா கிறீச்சிட்டது. சேலைச் சரசரப்பு என்னைச் சுற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மா எதிரே உட்கார்ந்து, இப்போது வேறு பக்கம் திரும்ப இடமில்லாமல், என் முகத்தைப் பார்த்தாள். முந்தின நாளே எழுதி வைத்திருந்த கேள்விகளில் முதலாவதைக் கேட்டேன். கேட்டு முடிக்கிறவரை மடியில் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். அவர்கள் காப்பி குடித்து, பேசி, சிரித்து, எழுந்து போகிறவரைக்கும் விடவில்லை.